உரமூட்டை ஏத்துன மோரிஸ் மைனர்: பகாவ்ல ஒரு பழைய காடிக்கு வீட்டுலயே துரு பார்த்தது

நம்ம மலேசியாவுல ரோட்டுல யாரும் உப்பு கொட்டறதில்ல. இங்கிலாந்துலதான் பனிக்காலத்துல கொட்டுவாங்க, அந்த உப்புதான் அங்க பழைய காடிங்க அடிப்பாகத்த எல்லாம் தின்னுடும். நமக்கு வர்ற துரு பெரும்பாலும் மழைத்தண்ணி, அடைச்சிப்போன ஓட்டை, சக்கரத்துக்கு மேல அப்பிக்கிட்டு காயாமயே கெடக்கிற செம்மண்ணு, இதுங்களாலதான். நானும் என் மச்சானும் இதுவரைக்கும் கை வச்ச பழைய காடிங்க எல்லாம் இந்த ரகம்தான். ஆனா நெகிரி செம்பிலான்ல பகாவ் பக்கத்துத் தோட்டத்துல இருந்து வந்த இந்த மோரிஸ் மைனர் உப்புலயே ஊறி அழிஞ்ச காடி. அந்த உப்ப மொதல்ல வெளிய எடுக்காம வெறும் வெட்டி ஒட்டற வேலைய மட்டும் செஞ்சிருந்தா இது மறுபடியும் துருப்புடிச்சிருக்கும், ஏன்னா நமக்கு முன்னாடி செஞ்சவங்க வேலை எல்லாம் அப்படித்தான் போயிருக்கு. அதனாலதான் இதை ஆரம்பத்துல இருந்து விவரமா எழுதறேன், வீட்டுல செய்றவங்களுக்கு உதவும்.

காடி மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1098 சிசி இன்ஜின். அந்த இன்ஜின் 1962க்கு அப்பறம் வந்தது, அதுக்கு முந்தி 948 சிசி. தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரஸரா (மருத்துவ உதவியாளரா) இருந்தவரோட காடி இது. அவரு காலமான பிறகு அவரு மக, நாங்க அக்கான்னு கூப்பிடறவங்க, "வித்துப்புடாதீங்க தம்பி, ஓடற மாதிரி செஞ்சி குடுங்க போதும்"னு சொல்லி எங்ககிட்ட விட்டாங்க. லயத்துல பிரசவ வலி எடுத்தா ராத்திரி எந்நேரமா இருந்தாலும் ஐயா இந்தக் காடியிலதான் கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாராம். அப்படிப் போன பொம்பளைங்க பெத்த பிள்ளைங்க இன்னிக்கும் டவுன்ல இருக்காங்க, நாங்க வேலை செய்யறப்ப ரெண்டு மூணு பேரு வந்து பார்த்துட்டும் போனாங்க. அந்த மாதிரி ஒரு காடிய சும்மா சிமெண்டு (தகட்டுல பள்ளத்த மூடற பூச்சு) அப்பி பளபளன்னு ஆக்கிக் குடுக்க எங்களுக்கு மனசு வரல.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், மோரிஸ் மைனருக்குத் தனியா சேஸின்னு ஒன்னு கெடையாது. 1948ல வந்தப்பவே பாடியும் சேஸியும் ஒன்னா சேர்ந்த கட்டுமானம்தான். கதவுக்கு அடியில நீளமா ஓடற சில், முன் சீட்டுக்கு அடியில குறுக்கால போற கிராஸ்மெம்பர், தரைத் தகடு, இதுங்க எல்லாம் சேர்ந்துதான் காடிய நிமுத்திப் புடிச்சிருக்கு. ஜாக்கி வைக்கிற இடம் அந்தக் கிராஸ்மெம்பரோட ரெண்டு முனையில. முன்பக்க டார்ஷன் பாரோட (ஸ்பிரிங் மாதிரி முறுக்கேறி நிக்கிற கம்பி) பின் முனையும் அதே கிராஸ்மெம்பர்லதான் மாட்டியிருக்கும். இதுல சில்லு துருப்புடிச்சா அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, காடியோட முதுகெலும்பே போயிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

துருவைப் படிச்சிப் பார்த்தது

வந்த உடனே கிரைண்டர கையில எடுக்கல. சின்ன சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூடிரைவர், துணி சுத்துன காந்தம், சாக்பீஸ், இது நாலுதான். காந்தம் ஒட்டாத இடம் எல்லாம் சிமெண்டு. தட்டுனா கணீர்னு வந்தா நல்ல இரும்பு, மொத்துன்னு வந்தா உள்ள காலி, ஸ்குரூடிரைவர் முனைய அழுத்துனா இறங்கற இடத்துக்குக் குறுக்குக் கோடு. இப்படியே காடி முழுக்க சாக்பீஸ்ல வரைஞ்சிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தோம்.

வழக்கமா மைனர்ல எங்க துரு வரும்னு தெரியும். முன் மட்கார்டுக்குப் பின்னால, கதவு கீல் தூணோட அடிப்பக்கம் மண்ணு சேரும், அங்க வரும். கதவு அடியில தண்ணி வெளியேற ஓட்டை அடைச்சிக்கும், அங்க வரும். பேட்டரி வைக்கிற தட்டு ஆசிட் சிந்தி போகும். பின்னாடி லீஃப் ஸ்பிரிங்கோட முன் முனையப் புடிக்கிற ஹேங்கர் போகும். இந்தக் காடியில முன்பக்கம் அவ்வளவு மோசமில்ல, கீல் தூணும் பேட்டரி தட்டும் ஓரளவுக்கு நல்லாவே இருந்திச்சி. நடுவுல, கியர்பாக்ஸ சுத்தி இருக்கிற தரை கூட புதுசு மாதிரி, பல வருஷமா ஒழுகுன இன்ஜின் ஆயில் அதுல படிஞ்சி படிஞ்சி காப்பாத்தி இருக்கு.

ஆனா பின்னாடி சாமான் வைக்கிற பூட்டுல இருந்து ஆரம்பிச்சி, இடது பக்கம் பின் ஸ்பிரிங் ஹேங்கர், இடது பின் தரை, இடது சில் முழுசும், கிராஸ்மெம்பரோட இடது முனை, இவ்வளவும் ஒரே கோடா போயிருக்கு. வலது பக்கம் அதுல பாதி கூட இல்ல. மழைத்தண்ணியா இருந்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அரிச்சிருக்கணும், முன்னாடிதான் அதிகமாவும் இருக்கணும். இது பின்னாடி ஆரம்பிச்சி முன்னாடி வந்திருக்கு. மச்சான் செம்பனை மில்லு வொர்க்ஷாப்ல வெல்டரா இருக்கான், அவன் பார்த்துட்டு, "இது மேல இருந்து வந்த தண்ணி இல்லடா, பூட்டுல எதையோ ஊத்தியிருக்காங்க"ன்னான்.

பூட்டுல ஸ்பேர் டயருக்கு மேல இருக்கிற பலகையத் தூக்குனோம். மூலையில மண்ணு மாதிரி கெடந்ததக் கொட்டிப் பார்த்தா அதுல செங்கல் நிறத்துல சின்னச் சின்னக் குருணை. விரல்ல எடுத்தா கொஞ்ச நேரத்துல பிசுபிசுன்னு ஆச்சி. தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு அது என்னன்னு சொல்ல வேணாம், பொட்டாஷ் உரம். அக்காகிட்ட கேட்டோம். ஐயா ரிட்டயர் ஆனப்பறம் கொஞ்சம் ஏக்கர் செம்பனை வாங்கியிருக்காரு, லாரி எல்லாம் கூப்பிடாம உரமூட்டைய இந்த பூட்டுலயே போட்டுத்தான் கொண்டு போவாராம், வருஷக்கணக்கா. மூட்டை ஓரத்துல எப்பவும் கொஞ்சம் சிந்தும். காடி நின்ன ஜிங்க் கொட்டாய் சரிவான இடத்துல, இடது பக்கம் தாழ்வு. நாங்க போயி நேர்ல பார்த்தோம், நல்லா தெரியற அளவுக்கு சரிவு. ஏன் இடது பக்கமா போச்சிங்கறதுக்கு அதான் பதில்.

பொட்டாஷ்னா பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குத் தம்பிதான். காத்துல ஈரப்பதம் சுமாரா 84 சதவீதத்தத் தாண்டுனா அது காத்துல இருக்கிற தண்ணிய இழுத்து தானே கரைஞ்சிடும், மழை பெய்யணும்னு இல்ல. நம்ம பக்கம் தோட்டத்துல ராத்திரியில ஈரப்பதம் 90க்கு மேல போறது சர்வ சாதாரணம், பகல்ல வெயிலடிச்சா எறங்கிடும். அப்ப என்ன ஆகுது, காடி கொட்டாய்க்குள்ள சும்மா நின்னாக்கூட ஒவ்வொரு ராத்திரியும் அந்தத் தகடு உப்புத்தண்ணியில நனையுது, பகல்ல பாதி காயுது, மறுபடியும் நனையுது. இரும்புக்கு இதவிட கெட்டது இல்ல. அதுவும் குளோரைடு சும்மா கெடக்காது, துருவுக்கு அடியில குழி குழியா உள்ள இறங்கிப் போயிடும், மேல இருக்கிற துருவ சுரண்டி எடுத்தாலும் அந்தக் குழிக்குள்ள மிஞ்சியே இருக்கும். அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா, பெயிண்ட ஊடுருவி வர்ற ஈரத்த அந்த உப்பு இழுத்து, கொஞ்ச நாள்ல கொப்புளம் கொப்புளமா தூக்கும். முன்னாடி இந்தக் காடிய ரெண்டு தடவ ரிப்பேர் செஞ்ச அடையாளம் இருக்கு, ரெண்டும் ஏன் நிக்கலங்கறது இதுலயே தெரிஞ்சி போச்சி.

கழுவறதுதான் பாதி வேலை

ரஸ்ட் கன்வெர்ட்டர் அடிச்சா சரியாயிடாதான்னு கேட்பாங்க. அதுல இருக்கிறது பாஸ்போரிக் ஆசிட் இல்லன்னா டானிக் ஆசிட். துருவ வேற ஒரு கெட்டியான பொருளா மாத்தும், டானிக் வகை கருநீலமா ஆகும், பார்க்க திருப்தியாத்தான் இருக்கும். ஆனா அது குளோரைட வெளிய எடுக்காது. உப்பு இருக்கிற தகட்டுல அதை அடிச்சா உப்ப உள்ள வச்சி மூடற மாதிரிதான். உப்ப எடுக்க ஒரே வழி தண்ணி. நெறைய தண்ணி.

பெட்ரோல் டேங்க் பூட்டுக்கு அடியில இருக்கு, அதைக் கழட்டி பெட்ரோல வடிச்சி வீட்டுக்குப் பின்னாடி தூரமா கொண்டு போயி வச்சிட்டோம், வெல்டிங் முடியற வரைக்கும் அது இந்தப் பக்கமே வரல. பேட்டரி, சீட்டு, கார்பெட், பின் மட்கார்டு எல்லாம் கழட்டியாச்சி. மைனர்ல பின் மட்கார்டு போல்ட்ல நிக்கிறது, அது பெரிய வசதி, ஆனா அந்த போல்ட்டுங்க பாதி துருவோட துருவா ஒட்டிக்கிட்டு இருந்திச்சி, டபிள்யூ டி 40 அடிச்சி ஊற வச்சி, டார்ச்ல நட்டுக்கு சூடு குடுத்து எடுத்தோம், அப்பவும் சிலத அறுக்க வேண்டியதாப் போச்சி.

அப்பறம் கம்பி பிரஷ்ல துருச் செதில எல்லாம் உதிர்த்துட்டு வாட்டர் ஜெட்ல அடிச்சோம். காய விட்டோம், பிரஷ் போட்டோம், மறுபடியும் அடிச்சோம். பெட்டி மாதிரி மூடியிருக்கிற இடங்களுக்கு உள்ள ஓஸ் விட்டு, அடியில வர்ற தண்ணி கலங்கல் இல்லாம வர்ற வரைக்கும் ஓட விட்டோம். ஆனா தண்ணி தெளிவா வர்றதால உப்பு போயிடிச்சின்னு சொல்ல முடியாது, கண்ணுக்குத் தெரியாத சமாசாரம் இது.

இதுக்கு ஒரு வழி சொன்னவரு இடைநிலைப்பள்ளியில வேதியியல் சொல்லிக் குடுக்கிற ஒரு ஆசிரியர், எங்க கோயில் கமிட்டியில இருக்கிறவரு. சில்வர் நைட்ரேட் சோதனை, படிவம் நாலு அஞ்சுல படிச்ச பிள்ளைங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணியில குளோரைடு இருந்தா ரெண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் ஆசிட் விட்டு, சில்வர் நைட்ரேட் விட்ட உடனே வெள்ளையா திரியும். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், குழாத்தண்ணியிலயே குளோரைடு இருக்கு, அதை வச்சி சோதிச்சா எப்பவும் வெள்ளையாத்தான் ஆகும். அதனால கடைசி கழுவல் மட்டும் பேட்டரிக்கு ஊத்தற தண்ணியில, அது உப்பில்லாத டிஸ்டில்ட் வாட்டர். சின்னப் பஞ்சுல அந்தத் தண்ணிய நனைச்சி, குழி விழுந்த தகட்டுல நல்லா அழுத்தித் தேய்ச்சி, பஞ்ச ஒரு சோதனைக்குழாய்ல புழிஞ்சி, சார் மருந்த விட்டாரு. மொதல் தடவ பூட்டு மூலையில எடுத்தது பால் மாதிரி வெளுத்திச்சி. அதே தண்ணிய காடியோட முன்பக்கத் தரையில தேய்ச்சி எடுத்தது தெளிவாவே நின்னுச்சி. ரெண்டு குழாயையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பார்த்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் வேற சந்தேகம் எதுவும் பாக்கி இல்ல. சில்வர் நைட்ரேட் கையில பட்டா கருப்பா கறை புடிக்கும், போகவும் போகாது, கையுறை கட்டாயம்.

அதுக்கப்பறம் கழுவறது, தேய்க்கிறது, சோதிக்கிறதுன்னு திரும்பத் திரும்பப் போச்சி. வெள்ளை குறைஞ்சி குறைஞ்சி லேசான கலங்கலா ஆகி, கடைசியில தெளிவா வந்த இடத்த மட்டும்தான் பச்சை சாக்பீஸ்ல குறிச்சோம். எவ்வளவு கழுவியும் வெளுத்துக்கிட்டே இருந்த தகட்ட கழுவறத விட்டுட்டு வெட்டறதுன்னு முடிவு பண்ணோம். இதுதான் இந்த வேலையில எனக்குப் புடிச்ச விஷயமே. எதை வெட்டணும், எதை வச்சிக்கலாம்ங்கறத கண்ணளவுல முடிவு பண்ணாம, அந்தக் குழாய்ல தெரிஞ்சத வச்சி முடிவு பண்ண முடிஞ்சிச்சி.

வெட்டறதுக்கு முன்னாடி

சில்ல வெட்டுனா காடி நடுவுல தொங்கும். தொங்கிட்டா கதவு சாத்தாது, அப்பறம் எவ்வளவு அழகா வெல்டிங் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. அதனால ஒரு பக்கம் முழுசா முடிஞ்சாத்தான் அடுத்த பக்கம். ஸ்டாண்ட முன்னாடி கீழ் ஆர்முக்கும் பின்னாடி ஆக்ஸிலுக்கும் அடியில வச்சோம், அப்பதான் காடி சக்கரத்துல நிக்கிற மாதிரியே எடை இருக்கும். கதவு வாசல்ல 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய வெட்டி, முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும், நடுத் தூணுக்கும் பின் தூணுக்கும் நேராவும் குறுக்காவும் பத்த வச்சோம். கதவக் கழட்டறதுக்கு முன்னாடியே சுத்தி இருக்கிற இடைவெளிய அளந்து, வாசலோட மூலைக்கு மூலை அளவயும் சுவத்துல பென்சில்ல எழுதியாச்சி. ஒவ்வொரு கட்டத்துலயும் அதை மறுபடியும் அளந்தோம், இதுல சோம்பல் படவே கூடாது.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில, பாடிக்கு அடியில பெட்டி மாதிரி நீளமா ஓடற வலது பக்க ரயிலுக்கு உள்ளயே இருக்கும். பிரேக் பைப்பும் அடியிலதான் ஓடுது. நெருப்புப் பொறி படற தூரத்துல இருக்கிற பைப்ப கழட்டியாச்சி. பழைய தார் பூச்சு, சவுண்ட் அட்டை எல்லாம் வெல்டிங் போடற இடத்துல இருந்து நல்லா தள்ளி சுரண்டி எடுக்கணும், அது பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாம எரிய ஆரம்பிக்கும். தீயணைப்புச் சிலிண்டர், தண்ணி வாளி, உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்க ஒரு ஆள், இது மூணும் இல்லாம டார்ச்ச தொடக்கூடாது. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், காய்ஞ்ச மண்ணுத்தாள் போட்டுத் தூசி கெளப்பாம தண்ணி போட்டுத் தேய்க்கணும், மாஸ்க் வேணும்.

சில்லுக்குள்ள இருந்தது

இடது சில்லோட வெளித்தகட்ட கிரைண்டர்ல மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு போட்டு இழுத்தோம். அது ஒரிஜினல் இல்ல, பழசுக்கு மேல மூடியிருந்த இன்னொரு தகடு. அதுக்குப் பின்னாடி விரல் பருமனுக்கு சிமெண்டு, சிமெண்டுக்குள்ள அமுக்கி வச்ச பழைய தமிழ் பேப்பர், இன்னும் ஈரமா. அதை எடுத்தா வெட்டித் தட்டையாக்குன மைலோ டின்னு, பச்சைக் கலர் கூட போகல, ரிவிட் அடிச்சி வச்சிருக்காங்க. அதுக்கும் பின்னாடிதான் காடியோட சொந்தத் தகடு, அடுக்கடுக்கா அப்பளம் மாதிரி பிரிஞ்சி நின்னுச்சி. இரும்பு துருவா மாறுனா இடம் பல மடங்கு பெருசா ஆகும், அதான் ஸ்பாட் வெல்ட் போட்டு ஒட்டுன ரெண்டு தகட்ட நடுவுல இருந்து தள்ளிப் பிரிச்சிடும். அந்த அடுக்குல ஒன்ன உடைச்சி பேட்டரித் தண்ணியில போட்டு சார் சோதிச்சாரு. பூட்டு மூலையில வந்த அதே வெள்ளை. பூட்டுல சிந்துனது சரிவுல எறங்கி எறங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கு, அந்தப் பேப்பர் அதை உறிஞ்சிப் புடிச்சி வச்சிக்கிட்டு இருந்திருக்கு.

செஞ்சவங்களக் குறை சொல்ல நான் வரல. அந்தக் காலத்துல தோட்டத்து டவுன்ல மோரிஸுக்குத் தகடு எங்க கெடைக்கும், காடி நாளைக்கு ஓடணும், கையில இருந்தத வச்சி ஓட வச்சிருக்காங்க. ஆனா இப்ப சில்லு, ஸ்பிரிங் ஹேங்கர், கிராஸ்மெம்பர் முனை எல்லாம் இங்கிலாந்துல புதுசா அடிச்சி விக்கிறாங்க, நாங்க அதை வரவழைச்சோம். தரை மட்டும் 1.2 மில்லிமீட்டர் தகடு வாங்கி நாங்களே வெட்டி மடிச்சோம், வரப்பு வரப்பா இருக்கிற அமைப்ப மில்லு வொர்க்ஷாப்ல பழைய குழாய் வச்சி அழுத்தி எடுத்துட்டு வந்தான் மச்சான். ஜிங்க் பூசுன தகடா இருந்தா பத்த வைக்கிற ஓரத்துல அந்தப் பூச்ச சுரண்டி எடுத்துடணும், அந்தப் புகையில காய்ச்சல் வரும்.

எங்க நிறுத்தறதுன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும், துருவ வெட்டிக்கிட்டே போனா காடியே மிஞ்சாதுன்னு பயம். எங்க கணக்கு ரெண்டு. உளி முனையால தட்டுனா குழி விழாத தகடா இருக்கணும், பஞ்சுல எடுத்த தண்ணி தெளிவா இருக்கணும். ரெண்டும் சரின்னா அந்த எடத்துல நிறுத்து. ஒன்னு சரியில்லன்னாலும் இன்னும் கொஞ்சம் உள்ள போ. மெலிஞ்ச தகட்டுல பத்த வச்சா டார்ச் வச்ச உடனே ஓட்டை விழும், அந்த ஓட்டைய மூடப்போயி ஓட்டை பெருசாகும், அதுக்கு ஒரு அங்குலம் கூட வெட்டிடறது எவ்வளவோ மேல்.

மிக் வெல்டிங், 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டையாக்சைடும் கலந்த கேஸ். கேஸ் இல்லாத கம்பியில மெல்லிசு தகட்டுக்கு வேலை செய்யலாம், ஆனா சூடு அதிகம், தெறிப்பும் அதிகம், நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஒரு தகட்டு மேல இன்னொரு தகட்ட ஏத்தி வச்சிப் பத்த வைக்கறது சுலபம், நெறைய பேரு அப்படித்தான் செய்றாங்க. இந்தக் காடிக்கு அது சரிப்படாது. ஏறி நிக்கிற ஒவ்வொரு விளிம்பும் ஈரத்துக்கும் உப்புக்கும் ஒரு பை. அதனால முடிஞ்ச இடத்துல எல்லாம் விளிம்புக்கு விளிம்பு, நடுவுல ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டு, பின்னாடி செப்புத் தகட்டுத் துண்ட வச்சிப் புடிச்சி, சின்னச் சின்னப் பொட்டா வச்சோம். ஒரு பொட்டு இந்த முனையில, அடுத்தது அந்த முனையில, அப்பறம் நடுவுல, கை வச்சா சுடாத வரைக்கும் பக்கத்துல அடுத்தது கெடையாது. ஒரே இழுப்பா இழுத்தா தகடு சூட்டுல நெளிஞ்சிடும்.

சில்லும் தரையும் சேர்ற மடிப்புல தொழிற்சாலையில ஸ்பாட் வெல்ட்தான் போட்டிருப்பாங்க. அங்க மேல் தகட்டுல வரிசையா ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியா அடித்தகட்டோட சேர்த்து நிரப்பணும், பிளக் வெல்ட். ரெண்டு தகடும் தொடற இடத்துல ஜிங்க் கலந்த வெல்ட் த்ரூ பிரைமர், ஓட்டைக்கு நேரா மட்டும் அதை சுரண்டி எடுத்துட்டா வெல்டிங் சுத்தமா வரும்.

ஸ்பிரிங் ஹேங்கர வெட்டறப்ப ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்ட் இருக்கக் கூடாது, ஸ்பிரிங் அந்த ஹேங்கரத் தள்ளிக்கிட்டு நிக்கும். பின் எடைய பாடியோட ரயிலுக்கு மாத்தி, ஸ்பிரிங்க கழட்டிட்டுத்தான் வெட்டுனோம். கிராஸ்மெம்பர்ல டார்ஷன் பார் புடிச்சிருக்கிற இடம் நல்ல இரும்பு, அதுக்கு வெளிப்பக்கம் முனைய மட்டும்தான் மாத்துனோம். அந்த இடமும் போயிருந்தா பார இறக்கி எடை இல்லாம ஆக்காம கை வைக்கவே கூடாது, முறுக்கேறி நிக்கிற கம்பி அது, ஆளையே அடிச்சிடும்.

பின் மட்கார்டுல சொட்டை எடுக்க டவுன்ல ரிட்டயர் ஆயிட்ட ஒரு சீன அங்கிள் வந்தாரு, வாழ்நாள் பூரா காடி தட்டுனவரு. சிமெண்டு டின்னத் தொறக்கவே விடல. பின்னாடி டாலி (தகட்டுக்கு அணைச்சிப் புடிக்கிற இரும்புக் கட்டி), முன்னாடி சுத்தியல், மேடா இருக்கிற இடத்துல லேசா, பள்ளத்துக்குப் பின்னாடி டாலியால நெம்பி, கையுறை போட்ட கையால தடவித் தடவிப் பார்த்தாரு. வெறுங்கைய விட துணிக்கு மேல தடவுனாத்தான் மேடு பள்ளம் நல்லா தெரியும்னு காட்டிக் குடுத்தாரு, நான் செஞ்சி பார்த்தேன், உண்மைதான். கடைசியில சிமெண்டு தேவைப்பட்டது ஒரு மெல்லிசான பூச்சு, அதுவும் எப்பாக்ஸி பிரைமருக்கு மேல. வெறும் இரும்பு மேல நேரா சிமெண்டு போட்டா அது ஈரத்த உறிஞ்சும்.

மூடறது

வெல்டிங் எல்லாம் முடிஞ்ச பிறகு மறுபடியும் ஒரு தடவ கழுவி, பேட்டரித் தண்ணி, பஞ்சு, சோதனை. வெட்டறப்ப புதுசா தொறந்த இடங்கள்ல ஒளிஞ்சிருந்தது வெளிய வந்திருக்கும், அதுக்காக. அப்பறம் ஹீட் கன்னும் வெயிலும் போட்டு நல்லா காய வச்சி, அன்னிக்கே ரெண்டு கலவை எப்பாக்ஸி பிரைமர் அடிச்சாச்சி, நம்ம ஊரு காத்துல வெறும் இரும்ப ஒரு ராத்திரி கூட விட முடியாது. மூட்டுக்கெல்லாம் சீம் சீலர், அடியில கல்லடி தாங்கற பூச்சு, கலர் எல்லாம் முடிஞ்சி கடைசியா சில்லுக்குள்ளயும் ரயிலுக்குள்ளயும் நீளக் குழாய் விட்டு கேவிட்டி வாக்ஸ், அதாவது மூடுன இடத்துக்குள்ள அடிக்கிற மெழுகு. வாக்ஸ கடைசியில அடிக்கிறது முக்கியம், முன்னாடி அடிச்சிட்டா வெல்டிங்ல புடிச்சி எரியும், பெயிண்ட்டும் ஒட்டாது. அடியில தண்ணி வெளியேற ஓட்டைங்க வாக்ஸ்ல அடைச்சிக்காம ஒவ்வொன்னயும் கம்பி விட்டுத் தொறந்து விட்டோம்.

கலர் கெராண்ட்ல (காடியோட பதிவுப் பத்திரம்) எழுதியிருக்கிற அதே கலர். மாத்தணும்னா ஜே.பி.ஜே.கிட்ட (சாலைப் போக்குவரத்து இலாகா) சொல்லி மாத்திக்கணும், அக்காவுக்கும் அப்பா ஓட்டுன கலர்தான் வேணும்னு ஆசை.

கழுவவே முடியாத ஒரு இடம் இருந்திச்சி. பூட்டுத் தரையும் சக்கர வளைவும் சேர்ற மூலையில மூணு தகடு ஒன்னு மேல ஒன்னா மடிஞ்சிருக்கு, அதை முழுசா பிரிச்சா பின்பக்கமே ஆட்டம் குடுக்கும். அங்க கூடுமான வரைக்கும் தண்ணிய விட்டு, சீலர் போட்டு அடைக்காம வாக்ஸ் மட்டும் ஊத்தி, பக்கத்துல ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை வச்சிக் குடுத்தோம், தொறந்து பார்க்கறதுக்கு. வருஷக் கடைசி மழை முடிஞ்சி தொறந்து பார்த்தோம். சில், ஹேங்கர், தரை, கிராஸ்மெம்பர் முனை எல்லாம் அடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு, கொப்புளம் கெடையாது. அந்த மூணு தகட்டு மூலையில மட்டும் வாக்ஸுக்கு அடியில இருந்து பழுப்பா ஒரு கோடு கசிஞ்சிருக்கு. பஞ்சு வச்சோம், லேசா கலங்குச்சி. வாக்ஸ சுரண்டிட்டு, சூடுதண்ணி, அப்பறம் பேட்டரித் தண்ணி விட்டுக் காய வச்சி மறுபடியும் வாக்ஸ். அடுத்த மழைக்கு முன்னாடியும் இதையே செய்யணும், ஓட்டை இருக்கறதால அரை நாள் வேலைதான்.

இடது பக்கக் கதவு ரெண்டும் சாத்தறப்ப லாக்கு நாக்கு தானா விழுது, சுவத்துல எழுதுன அளவுக்கும் இப்ப இருக்கறதுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள்ள. அக்கா அதைத் தொறந்து தொறந்து சாத்திப் பார்த்தாங்க.

இன்னும் பாக்கி வலது சில்லோட பின் முனை, நாலு கதவோட அடிப்பக்கம், பெட்ரோல் டேங்க் உள்பக்கம். வலது பக்கத்துலயும் பஞ்சு வச்சிப் பார்த்தாச்சி, பின்சக்கரத்துக்கு முன்னால கையளவு இடத்துல மட்டும் வெளுக்குது, அதனால அங்க சில்ல முழுசா மாத்தாம அந்தத் துண்ட மட்டும் எடுக்கப் போறோம். தோட்டத்துப் பக்கம் இருந்து பழைய காடி வாங்கறவங்க, அது மோரிஸா இருக்கட்டும் டட்சனா இருக்கட்டும், பூட்டுப் பலகைய ஒரு தடவ தூக்கிப் பாருங்க. உரம் ஏத்துன காடியான்னு ஓனர்கிட்ட கேளுங்க, காடி எந்தப் பக்கம் சாஞ்சி நின்னிச்சின்னு எடத்தப் போயி பாருங்க, ஒரு போத்தல் பேட்டரித் தண்ணியும் பஞ்சும் கையில இருக்கட்டும்.